ஹோகார்த்தின் குடும்பப் படங்களில் சண்டை எங்கே இருக்கிறது?

கேள்வி: 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் குடும்பத் தகராறுகளைக் கதையாக வரைந்தார்கள் என்று படித்தேன். எல்லோரும் முதலில் சொல்வது ஓவியர் வில்லியம் ஹோகார்த்தின் 'மேரேஜ் ஆ-லா-மோட்' ('நாகரிகக் கல்யாணம்'). ஆறு படங்களையும் பார்த்தாயிற்று. யாரும் கத்தவில்லை, யாரும் கையை ஓங்கவில்லை. இதில் சண்டை எங்கே? எப்படிப் பார்க்க வேண்டும்? அடுத்து எவற்றைப் பார்க்கலாம்?

பதில்:

காகிதங்களைப் பாருங்கள். ஆறு படங்களிலும் தரையிலோ மேசையிலோ யாருடைய சட்டைப் பையிலோ எழுத்துள்ள தாள் ஒன்றாவது இருக்கும். இந்தக் குடும்பத்தார் ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்வதில்லை. பத்திரம் எழுதுகிறார்கள், அடமானம் மீட்கிறார்கள், பில்லை நீட்டுகிறார்கள், டிக்கெட் கொடுக்கிறார்கள். அடி அங்கேதான் விழுகிறது. முகங்களைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் எந்தப் பிரதியைப் பார்க்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். பலர் தடுக்கி விழும் இடம் இது. ஹோகார்த் இதை 1743 வாக்கில் எண்ணெய் வண்ணத்தில் ஆறு படங்களாக வரைந்தார். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 70 செ.மீ. உயரம், 91 செ.மீ. அகலம். ஆறும் இன்று லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கின்றன. ஆனால் அவர் பிழைப்பு அச்சுப்படத்தில் இருந்தது. 1743 ஏப்ரலிலேயே நாளிதழில் விளம்பரம் கொடுத்தார்: ஆறு அச்சுப்படங்கள், விலை ஒரு கினி, அதாவது 21 ஷில்லிங்; பாதிப் பணம் முன்பணம். செப்புத்தகட்டில் செதுக்கும் வேலையைத் தானே செய்யாமல் பாரோன், ஸ்கோட்டான், ராவனே என்ற மூன்று பிரெஞ்சுச் செதுக்காளர்களிடம் கொடுத்தார். மேட்டுக்குடிக் கதைக்கு பாரிஸ் மெருகு வேண்டும் என்று நினைத்தார். அச்சுப்படங்கள் 1745இல் வெளிவந்தன.

தகட்டில் ஓவியத்தை அப்படியே செதுக்கினால் காகிதத்தில் அது இடவலம் மாறித்தான் விழும். ஹோகார்த் இதைக் கணக்கில் வைத்தே வரைந்தார். ஓவியத்தின் முதல் காட்சியில் மாப்பிள்ளையின் தகப்பனான கிழவர் ஏர்ல் (ஏர்ல் என்பது பிரபுப் பட்டம்) வலப்பக்கம் இருக்கிறார், மணமக்கள் இடப்பக்கம். அச்சில் இது திரும்பிவிடுகிறது. இடமிருந்து வலமாகப் படிக்கும் கண் முதலில் ஏர்லின் குலப்பெருமையைப் பார்க்கிறது, அடுத்து மேசைப் பணத்தை, அதற்கடுத்து முதுகு காட்டி உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளை, கடைசியில் அவர்கள் காலடியில் ஒரே சங்கிலியில் கட்டிய இரண்டு நாய்களை. காரணம், பேரம், பலி என்ற வரிசை அச்சில்தான் சரியாக வருகிறது. நிறத்துக்கும் முகத்துக்கும் ஓவியம், கதை ஓட்டத்துக்கு அச்சு என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இணையத்தில் கிடைக்கும் படம் எது என்று குழம்பினால் கிழவர் எந்தப் பக்கம் இருக்கிறார் என்று பார்த்தால் போதும்.

இனி, பத்திரம். அன்றைய இங்கிலாந்தில் சொத்துள்ள இரண்டு குடும்பங்கள் சம்பந்தம் பேசினால் வக்கீல்கள் ஒரு திருமண ஒப்பந்தம் எழுதுவார்கள். பெண்ணின் தகப்பன் ஒரு தொகை தருவார். நம் சீதனத்தோடு ஒப்பிடலாம். ஆனால் அதற்கு எதிர்ச்சீட்டும் உண்டு: கணவன் இறந்தால் விதவைக்கு ஆண்டுதோறும் இவ்வளவு என்று மாப்பிள்ளை வீட்டார் எழுதித் தர வேண்டும். 100 பவுண்டு கொடுத்தால் ஆண்டுக்கு 10 பவுண்டு என்பது வழக்கத்தில் இருந்த கணக்கு. கல்யாணமானதும் பெண்ணின் சட்ட ஆளுமை கணவனுடையதில் கரைந்துவிடும். அவள் பேரில் தனிச் சொத்து வைப்பதென்றால் ஒப்பந்தத்தில் தனியாக ஏற்பாடு செய்திருக்க வேண்டும். பிரிந்து மறுமணம் செய்துகொள்ள நாடாளுமன்றத்தில் தனிச் சட்டமே நிறைவேற்ற வேண்டும். அது பெரும் பணக்காரர்களுக்கு மட்டும் எட்டிய வழி. ஆகவே முதல் படத்தில் போடும் கையெழுத்திலிருந்து பின்னால் யாரும் வெளியே வர முடியாது. அந்த நெருக்கடி தெரியாமல் பார்த்தால் ஆறு படமும் வெறும் வம்பாகத் தோன்றும்.

முதல் காட்சியில் நிதானமாக நில்லுங்கள். ஏர்லின் ஒரு கால் கௌட் வாதத்தில் வீங்கித் துணி சுற்றியிருக்கிறது. அவர் விரல் நீட்டிக் காட்டுவது வம்சாவளி மரத்தை. அது இங்கிலாந்தை வென்ற நார்மண்டி வில்லியத்தின் உடம்பிலிருந்து முளைக்கிறது. அதில் ஒரு கிளை மட்டும் முறிந்து கிடக்கிறது: குலத்துக்கு வெளியே கல்யாணம் செய்த ஒருவர். இப்போது தன் மகனுக்கு ஏர்ல் செய்துகொண்டிருப்பதும் அதேதான் என்பதை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை. எதிரே சிவப்பு மேலங்கியில் பெண்ணின் தகப்பன், லண்டன் சிட்டியின் ஆல்டர்மேன், அதாவது நகர மன்ற உறுப்பினரான வியாபாரி. வாள் செருகிப் பழக்கமில்லாதவர். அது கால்களுக்கு இடையே ஏடாகூடமாக நீட்டிக்கொண்டிருக்கிறது. கண்ணாடி வழியாக ஒப்பந்தத்தை வரி வரியாகப் படிக்கிறார். நடுவே ஒருவன் ஏர்லிடம் நீட்டும் தாளில் 'அடமானம்' என்று எழுதியிருக்கிறது. பெண் வீட்டுக் காசு மேசைக்கு வந்த அதே நிமிடத்தில் பழைய கடன் பத்திரம் மீட்கப்படுகிறது. ஜன்னலுக்கு வெளியே பாதியில் நிற்கும் ஒரு கட்டடம். அதன் வரைபடத்தைப் பிடித்தபடி ஒருவர். அந்தப் பணம் அடுத்து எங்கே போகும் என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

மணமக்களிடம் வாருங்கள். மாப்பிள்ளை கண்ணாடியில் தன்னைப் பார்த்தபடி மூக்குப்பொடி எடுக்கிறான். அவன் கழுத்தில் ஒரு கறுப்புப் பொட்டு. இந்தத் தொடரில் அது மேகநோயின் அடையாளமாகத் திரும்பத் திரும்ப வரும், மறந்துவிடாதீர்கள். பெண் மோதிரத்தைக் கைக்குட்டையில் கோத்து விளையாடிக்கொண்டிருக்கிறாள். அவள் பக்கம் குனிந்து இறகுப் பேனாவைச் சீவிக்கொண்டே ஏதோ சொல்பவன் இளம் வக்கீல். அறையில் அவளோடு பேசும் ஒரே மனிதன் அவன்தான். அவர்கள் தலைக்கு மேல் கிரேக்கப் புராணத்தின் பாம்பு முடி அரக்கி மெடூசாவின் தலை அலறுகிறது. வாய் திறந்து கத்துவது அது ஒன்றுதான், அதுவும் படச் சட்டத்துக்குள்.

அந்தக் காலத்தில் 'கான்வர்சேஷன் பீஸ்' என்று ஒரு படவகை நாகரிகமாக இருந்தது: குடும்பம் தன் அறையில் தேநீர், நாய், குழந்தையோடு இணக்கமாக உட்கார்ந்திருக்கும் சிறிய குழு ஓவியம். ஹோகார்த்தே பல வரைந்து சம்பாதித்தவர். முதல் இரண்டு காட்சிகள் அந்த அமைப்பை அப்படியே எடுத்துத் திருப்பிப் போட்டவை. சாதாரண கான்வர்சேஷன் பீஸ் ஒன்றைப் பக்கத்தில் வைத்து மூன்று விஷயங்களை மட்டும் ஒப்பிடுங்கள்: உடல் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, இரண்டு பேருக்கு நடுவே எவ்வளவு வெற்றிடம், யார் பார்வை யார்மேல் விழுகிறது. இங்கே கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வதே இல்லை. ஐந்தாம் காட்சியில் அவள் மண்டியிட்டு அவனை நோக்கும்போது அவன் செத்துக்கொண்டிருக்கிறான்.

இரண்டாம் காட்சி, என் கணிப்பில், ஆறிலும் சிறந்தது. கடிகாரம் ஒரு மணியைத் தாண்டிவிட்டது. வீடு இன்னும் இரவிலிருந்து எழுந்திருக்கவில்லை. பின்னறையில் வேலைக்காரன் தூக்கக் கலக்கத்தில் நிற்கிறான். கணவன் இரவெல்லாம் வெளியே கழித்து வந்து நாற்காலியில் சரிந்து கிடக்கிறான். அவன் பையிலிருந்து தொங்கும் ஒரு பெண்ணின் தொப்பியை நாய் முகர்கிறது. காலடியில் உடைந்த வாள். மனைவி சோம்பல் முறிக்கிறாள். அவளும் வீட்டில் சும்மா இருந்துவிடவில்லை. கவிழ்ந்த நாற்காலி, சிதறிய இசைத்தாள், தரையில் சீட்டாட்டக் கையேடு. இருவர் மேலும் சம அளவில் ஆதாரம் வைத்திருப்பதைக் கவனியுங்கள். யார் பக்கம் நியாயம் என்று சொல்ல ஹோகார்த் இங்கே விடுவதில்லை.

ஆனால் காட்சியின் மையம் ஓரத்தில் போய்க்கொண்டிருக்கும் காரியஸ்தர். கணக்குப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கி, கட்டணம் கட்டாத பில்களைக் கொத்தாகக் கையில் பிடித்து, மற்றக் கையை மேலே தூக்கியபடி வெளியேறுகிறார். பணம் கட்டிய பில் ஒன்றே ஒன்று. இந்த வீட்டில் வாய்விட்டுப் புகார் சொல்லும் உடல் அவருடையது. அவர் பையில் எட்டிப் பார்க்கும் புத்தகத்தின் பெயர் 'மறுபிறப்பு'. அது அன்று பரவிவந்த மெதடிஸ்ட் என்ற கிறித்தவப் பக்தி இயக்கத்தின் பிரசங்க வகை. சம்பளக்காரருக்குப் பக்தி, எஜமானருக்குக் கடன். ஹோகார்த்துக்கு மெதடிஸ்டுகளைப் பிடிக்காது என்பதால் இதிலும் ஒரு நக்கல் இருக்கிறது. காரியஸ்தரை நல்லவர் என்று எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள்.

மூன்றாம் காட்சியை நான் வேகமாகக் கடப்பேன், காரணம் உண்டு. கணவன் ஒரு போலி வைத்தியனிடம் சின்னஞ்சிறு பெண்ணொருத்தியை அழைத்து வந்திருக்கிறான். மாத்திரை வேலை செய்யவில்லை என்று டப்பாவை நீட்டுகிறான். கணவன் சிரித்துக்கொண்டே பிரம்பை ஓங்குவதும், நடுவே ஒரு பெரிய பெண்மணி மடக்குக் கத்தியைத் திறந்து நிற்பதும் தெளிவு. அந்தப் பெண்மணி யார், கோபம் யார்மேல் என்பதில் கலை வரலாற்றாளர்கள் இன்றும் ஒத்துப்போவதில்லை. குடும்பத் தகராறைப் புரிந்துகொள்ள இங்கே தேவையானது ஒன்றுதான்: நோய் வீட்டுக்குள் வந்தது இவன் வழியாக. தாள் இங்கும் உண்டு. திறந்து கிடக்கும் பெரிய புத்தகம் தோள்மூட்டைச் சரிசெய்யும் இயந்திரத்தையும் கார்க் பிடுங்கும் இயந்திரத்தையும் பிரெஞ்சு மொழியில் விளக்குகிறது.

நான்காம் காட்சிக்குள் கிழவர் இறந்துவிட்டார். எப்படித் தெரியும்? கண்ணாடிமேலும் கட்டில்மேலும் ஏர்லின் சிறுமகுடம் ஏறியிருக்கிறது. அவள் இப்போது கௌன்டஸ், அதாவது ஏர்லின் மனைவி. குழந்தை பிறந்துவிட்டது, அதற்கும் சாட்சி நாற்காலியில் தொங்கும் பவளக் கிலுகிலுப்பை மட்டும். குழந்தை அறையில் இல்லை. அரண்மனை வழக்கத்தைப் பின்பற்றி அவள் தலை அலங்காரத்தின்போதே விருந்தினரை வரவேற்கிறாள். பாட்டுக்காரர் பாடுகிறார், முடியலங்காரம் செய்பவர் இடுக்கியின் சூட்டைத் தாளில் பார்க்கிறார். அவள் கவனமெல்லாம் சோபாவில் செருப்பைக் கழற்றிவிட்டுச் சாய்ந்திருக்கும் அதே வக்கீலிடம். அவன் நீட்டுவது முகமூடி நடனத்துக்கான டிக்கெட். இன்னொரு கை முகமூடிக் கூட்டம் வரைந்த திரையைச் சுட்டுகிறது. அவன் உருவப்படமே அறைச்சுவரில் தொங்குகிறது. தரையில் சிதறிய அழைப்புச் சீட்டுகளைப் பெரிதாக்கிப் படியுங்கள். குடும்பத்தின் பெயர் 'ஸ்குவாண்டர்' என்பது அவற்றில் இருக்கிறது. சொத்தை ஊதாரித்தனமாக அழிப்பது என்று அந்த ஆங்கிலச் சொல்லுக்குப் பொருள். அவள் நேற்றிரவு எப்படித் தூங்கினாள் என்று கேட்கும் ஒரு சீட்டு எழுத்துப் பிழைகளோடு வந்திருக்கிறது.

முன்னால் தரையில் உட்கார்ந்திருக்கும் கறுப்பினச் சிறுவனைப் பலர் அலங்காரப் பொருளாகக் கடந்துவிடுகிறார்கள். அவனைச் சுற்றி ஏலத்தில் வாங்கிய பொம்மைகள். அவனையும் அப்படியே வாங்கி வைத்திருக்கிறார்கள் என்பது அடிமை வணிகம் நடந்த ஒரு நகரத்தில் எல்லோருக்கும் புரியும் செய்தி. அவன் சிரித்தபடி, கிரேக்கப் புராணத்தில் மானாக மாறிய வேடன் ஆக்டியானின் கொம்பு முளைத்த பொம்மையைச் சுட்டுகிறான். மனைவி வேறொருவனோடு போனால் கணவனுக்குக் கொம்பு முளைக்கும் என்பது ஐரோப்பியக் கேலி. பெரியவர்கள் வாய் திறக்காத செய்தியை அந்த அறையில் உரக்கச் சொல்பவன் அந்தச் சிறுவன்.

ஐந்தாவதில்தான் இரத்தம். 'பாக்னியோ' என்றால் பெயருக்குக் குளியலகம், நடப்பில் மணிக்கணக்கில் அறை விடும் இடம். முகமூடிகளும் கழற்றிய உடைகளும் தரையில். கணவன் தேடி வந்து வக்கீலோடு வாள் சண்டை போட்டு, குத்துப்பட்டு நின்றபடியே சரிகிறான், வக்கீல் இரவுச் சட்டையோடு ஜன்னல் வழியே குதிக்கிறான், காவலர்கள் கதவில். சண்டை நடந்த கணத்தையல்ல, முடிந்த கணத்தைத்தான் ஹோகார்த் தேர்ந்தெடுத்திருக்கிறார். எனக்கு இது ஆறில் பலவீனமான படம். நாடக மேடை வாடை தூக்கலாக அடிக்கிறது.

ஆறாம் காட்சியில் அவள் தகப்பன் வீட்டுக்கே திரும்பியிருக்கிறாள். ஜன்னலில் பழைய லண்டன் பாலம், வீடுகள் மேலே நெருக்கிக் கட்டியபடி. சுவரில் மலிவான டச்சுப் பாணிப் படங்கள், மேசையில் சிக்கனமான சாப்பாடு. விலா எண்ணக்கூடிய நாய் ஒன்று பன்றித் தலையை இழுக்கிறது. தரையில் அபின் சாரமான லாடனம் இருந்த வெற்றுச் சீசா. அதன் அருகே ஒற்றைத் தாள் பிரசுரம்: தூக்கில் போடப்படுபவரின் கடைசிப் பேச்சு என்று அக்காலத்தில் தெருவில் விற்பவை. மேலே தூக்குமரத்தின் படம். வக்கீலின் பெயர் சில்வர்டங் என்று நமக்குத் தெரியவருவது அந்தத் தாளில்தான். அவள் அதைப் படித்துவிட்டுக் குடித்திருக்கிறாள்.

இப்போது தகப்பன் கை என்ன செய்கிறது பாருங்கள். சாகும் மகளின் விரலிலிருந்து கல்யாண மோதிரத்தைக் கழற்றுகிறார். வெறும் கஞ்சத்தனம் என்று பார்த்தால் பாதிதான் கிடைக்கும். புத்தி தெளிவோடு தற்கொலை செய்துகொண்டதாகத் தீர்ப்பானால் இறந்தவரின் அசையும் சொத்து அரசுக்குப் போகும் என்பது அன்றைய சட்டம். அவர் சட்டம் தெரிந்த வியாபாரி. தீர்ப்புக்கு முன்னால் மீட்க முடிந்ததை மீட்கிறார். முதல் படத்தில் ஒப்பந்தத்தைப் படித்த அதே கவனம். முதல் படத்தில் அவள் கைக்குட்டையில் கோத்து விளையாடிய மோதிரம் இப்படிக் கணக்கில் வரவு வைக்கப்படுகிறது. தாதி தூக்கிக் காட்டும் குழந்தை தாயை முத்தமிடுகிறது. அதன் கன்னத்தில் அந்தக் கறுப்புப் பொட்டு, காலில் இரும்புத் தாங்கி. வாசலில் வைத்தியர் நழுவுகிறார். மருந்துக்காரர் சட்டைப் பொத்தானைக்கூட ஒழுங்காகப் போடத் தெரியாத வேலைக்காரனின் கழுத்தைப் பிடித்து உலுக்குகிறார். ஆறு படத்தின் ஆத்திரமும் கடைசியில் வந்து விழுவது விஷத்தை வாங்கி வந்த வேலையாள்மேல்.

இந்தப் படங்களைப் பற்றி எழுதும்போது அடிக்கடி நேரும் பிழைகளைச் சொல்லிவிடுகிறேன்.

பெற்றோர் பார்த்து முடிக்கும் கல்யாணம் தவறு, காதல் கல்யாணம் சரி என்று ஹோகார்த் சொல்வதாக எழுதுவது முதல் பிழை. இங்கே காதலன் வேடத்தில் இருப்பவன் சில்வர்டங். அவன் யோக்கியதை நாம் பார்த்ததுதான். ஹோகார்த் தாமே 1729இல் ஓவியர் சர் ஜேம்ஸ் தார்ன்ஹிலின் மகள் ஜேனை அப்பாவின் சம்மதமில்லாமல் கல்யாணம் செய்துகொண்டவர். மாமனார் பின்னால் சமாதானமானார். அந்த வாழ்க்கைக் குறிப்பை இந்தப் படங்களுக்குச் சாவியாக்குவதும் ஆபத்து: இவர் குத்துவது பணமும் பட்டமும் மாற்றிக்கொள்ளும் பேரத்தை. பெற்றோர் சம்மதத்தை 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்குக் கட்டாயமாக்கிய ஹார்ட்விக் திருமணச் சட்டம் 1753இல் வந்தது, படங்களுக்குப் பத்து ஆண்டு கழித்து. அந்தச் சட்டத்தை எதிர்த்து வரைந்தார் என்று எழுதிய கட்டுரைகளை நம்பாதீர்கள்.

இரண்டாவது, கண்ணில் படும் எல்லாவற்றையும் குறியீடாக்குவது. சிறுமகுடம், கறுப்புப் பொட்டு, கொம்பு, மோதிரம், சுவர்ப் படங்கள் இவை உறுதியானவை. ஏனென்றால் திரும்ப வருகின்றன, அல்லது ஒரு பாத்திரமே சுட்டிக்காட்டுகிறது. ஒரே ஒருமுறை வந்து யாரும் தொடாத பொருளுக்கு நீளமான விளக்கம் எழுதும் முன் யோசியுங்கள்.

மூன்றாவது, பாத்திரங்களுக்கு நிஜ ஆட்களைத் தேடுவது. யாரையும் தனிப்பட்ட முறையில் குறிக்கவில்லை என்று ஹோகார்த் தம் விளம்பரத்திலேயே முன்கூட்டிச் சொல்லிவிட்டார். வியாபாரத் தந்திரமாகவும் இருக்கலாம். ஆனாலும் கதை அதனால் கூடுவதில்லை.

அச்சுப்படங்கள் நன்றாக விற்றன. ஓவியங்களின் கதி வேறு. 1751இல் தாமே வகுத்த ஒரு விசித்திர ஏல முறையில் விற்கப் பார்த்தார். வந்த ஏலக் கேட்பு சொற்பம். கடைசியில் ஜான் லேன் என்பவர் 120 கினிக்கு, அதாவது 126 பவுண்டுக்கு, ஆறையும் எடுத்துக்கொண்டார். படச் சட்டங்களுக்கே ஒவ்வொன்றுக்கும் நான்கு கினி ஆகியிருந்தது. 1797இல் ஓவியச் சேகரிப்பாளர் ஆங்கர்ஸ்டைன் 1,000 கினி கொடுத்தார்; 1824இல் அவர் சேகரிப்பை அரசு வாங்கியபோது நேஷனல் கேலரி தொடங்கியது. இந்த ஆறும் அதன் முதல் படங்களில் சேர்ந்தவை.

அடுத்து எதைப் பார்ப்பது என்ற கேள்விக்கு வருகிறேன். அடிதடியே வேண்டுமென்றால் ஹோகார்த்தின் 'எ ரேக்ஸ் புரோக்ரஸ்', எட்டுப் படங்கள், லண்டன் சர் ஜான் சோன் அருங்காட்சியகம். அச்சுப்படங்கள் 1735இல் வந்தன. செதுக்கு ஓவியர்களுக்கு 14 ஆண்டு உரிமை தரும் சட்டம் அமலுக்கு வரும்வரை ஹோகார்த் வெளியீட்டைத் தள்ளி வைத்திருந்தார். முதல் காட்சியில் கஞ்சத் தகப்பன் செத்துவிட, மகன் டாம், தான் கர்ப்பமாக்கிய சாராவைக் காசு கொடுத்து அனுப்பப் பார்க்கிறான். சாரா மோதிரத்தோடு அழுகிறாள். அவள் தாய் அவன் எழுதிய காதல் கடிதங்களை மடியில் கட்டி வந்து நீட்டிக் கோபப்படுகிறாள். காகிதம் இங்கே ஆயுதம். ஐந்தாவதில் அவன் பணத்துக்காக ஒற்றைக்கண் கிழவியைக் கட்டுகிறான். பின்னால் சாராவின் தாய் தேவாலயத்துக்குள் நுழையப் போராடுகிறாள். ஏழாவதில், கடன்காரர் சிறையில், கிழ மனைவி காதருகே கத்துகிறாள், சாரா மயங்கி விழுகிறாள், டாமின் பக்கத்தில் அவன் எழுதிய நாடகம் தேறாது என்ற மறுப்புக் கடிதம். 'மேரேஜ் ஆ-லா-மோட்' எவ்வளவு அடக்கி வாசித்திருக்கிறது என்பது இதன் பக்கத்தில் வைத்தால் உறைக்கும்.

ஜோசப் ஹைமோர் வேறு ரகம். ரிச்சர்ட்சனின் 'பமேலா' நாவலிலிருந்து 1743–44இல் பன்னிரண்டு படங்கள் வரைந்தார். அவை இன்று லண்டன் டேட் கேலரி, கேம்பிரிட்ஜ் ஃபிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகம், மெல்போர்ன் விக்டோரியா தேசியக் கேலரி ஆகிய மூன்றிலும் நான்கு நான்காகப் பிரிந்து கிடக்கின்றன. வரிசையாகப் பார்க்க அச்சுப்படம்தான் வழி. முதல் படமே வேலைக்காரி பமேலா கடிதம் எழுதும்போது எஜமான் பிடித்துக்கொள்வது. அந்த எஜமான் வேலைக்காரியையே கட்டிக்கொண்டதில் உறவினர் காட்டும் வெறுப்பு பிற்பாதியில் வருகிறது. ஹைமோரிடம் நக்கல் கிடையாது. வெளிர் நிறங்கள், மெல்லிய அசைவுகள். கோபத்தை ஒரு தலைத் திருப்பலில் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். இதே நாவலாசிரியரின் 'கிளாரிஸ்ஸா'விலிருந்து அவர் வரைந்த 'ஹார்லோ குடும்பம்' அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தின் பிரிட்டிஷ் கலை மையத்தில் இருக்கிறது. பிடிக்காத பணக்காரனைக் கட்டிக்கொள்ளச் சொல்லி ஒரு குடும்பமே ஒரு பெண்ணை நெருக்கும் கதை அது.

நூற்றாண்டின் கடைசியில் காற்று மாறுகிறது. ஜார்ஜ் மார்லண்டின் 'லெட்டிஷியா' ஆறு படங்கள், 1789இல் ஜே. ஆர். ஸ்மித் செதுக்கி வெளியிட்டவை: ஓடிப்போன மகள் பரிசுப் பொருளோடு வீட்டு வாசலுக்கு வர, தகப்பன் ஏற்க மறுக்கிறார், கடைசிப் படத்தில் மன்னிப்பு. ஹோகார்த்திடம் மன்னிப்பு என்ற காட்சியே இல்லை என்பதை நினைத்துப் பார்த்தால் ரசனை எவ்வளவு இளகியிருக்கிறது என்று தெரியும். பழைய கடைகளில் இந்த அச்சுப்படம் வாங்குவதாக இருந்தால் உடையைக் கவனியுங்கள். 1811 மறுபதிப்பில் ஆடைகளைப் புதுப் பாணிக்கு மாற்றிச் செதுக்கிவிட்டார்கள்.

அதே பத்தாண்டில், மகள்களுக்கு ராஜ்யத்தைப் பங்கு பிரித்துக் கொடுத்த அரசனின் கதையான ஷேக்ஸ்பியரின் 'கிங் லியர்' நாடகம் பெரிய ஓவியத் துணிகளுக்கு வந்தது. ஜேம்ஸ் பாரி 1786–88இல் வரைந்த, செத்த மகள் கோர்டீலியாவைச் சுமந்து அழும் லியர், இன்று டேட் கேலரியில். அகலம் மட்டும் மூன்றரை மீட்டருக்கு மேல். அப்போது லண்டன் மேடையில் நடந்தது நேயம் டேட் என்பவர் 1681இல் மாற்றி எழுதிய வடிவம். அதில் மகள் சாகமாட்டாள், எட்கர் என்ற பிரபு மகனைக் கட்டிக்கொண்டு வாழ்வாள். அப்பனும் மகளும் சேரும் முடிவையே பார்த்துப் பழகிய மக்கள் முன்னால் பாரி நூலில் உள்ள முடிவை வைத்தார்: கிழவரின் பறக்கும் வெள்ளை முடி, கழுத்தில் கயிறோடு மகள். அங்கே பத்திரமும் இல்லை, பில்லும் இல்லை. ராஜ்யத்தைப் பங்கு பிரித்த வரைபடம் முதல் அங்கத்திலேயே வேலையை முடித்துவிட்டது.